மூத்தாள் பெயர்

பெண் குழந்தை பிறந்த வீட்டிலிருந்து எனக்கு போன் வரவில்லை என்றால், அந்த வீட்டார் என்னோடு சண்டையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கோலார் தங்கவயலில், சுரங்க வேலைக்காரர்களுக்குக் கட்டின ஸ்கெலட்டன் லைன் வீடுகளிலிருந்து மாரிகுப்பம் வரைக்கும், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெயர் சொல்கிற ஆள் நான்தான். மேல்விஷாரத்தில் ஆலிமா என்கிற மார்க்கப் படிப்பு முடித்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். சாயங்காலம் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லித் தருகிறேன். அரபி தெரியும் என்பதால், பிள்ளைக்கு ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா ஆடு அறுத்து, பெயர் வைக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்கு நான் பெரிய மனுஷி. எட்டாம் நாள் பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு என்னை யாரும் தேட மாட்டார்கள்.

முன்பெல்லாம் பாட்டி பெயர், பாட்டிக்குப் பாட்டி பெயர் என்று கொண்டு வருவார்கள். இப்போது செல்போனில் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு தகப்பன் ‘ஸகர்’ என்று வைக்கப்போவதாகச் சொன்னான்.

“குர்ஆன்லயே வருது மேடம். யூனிக்கா கீது.”

“வருது. நரகத்துக்கு ஒரு பேரு அது. பொண்ண நரகமேன்னு கூப்புடப் போறீங்களா?”

அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இப்படிப்பட்டவர்களை உட்கார வைத்து, பெயர் என்பது விளையாட்டு இல்லை என்று சொல்வேன். ‘கட்டுப்படாதவள்’ என்று பொருள்படுகிற பெயரோடு இருந்த ஒரு பெண்ணுக்கு, ‘அழகி’ என்று பொருள்படும் ஜமீலா என்ற பெயரை நபிகள் நாயகம் மாற்றி வைத்ததைச் சொல்வேன். ஆயிஷா என்றால் வாழ்கிறவள் என்று சொல்வேன். கேட்டுவிட்டுப் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்ததையே வைப்பார்கள்.

ஒரு பெயரை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. ஹஃப்ஸா. சிங்கக்குட்டி என்று பொருள். நபிகளாரின் மனைவியரில் ஒருவர் பெயர். தொகுத்த குர்ஆன் பிரதியைத் தன் வீட்டில் வைத்துக் காத்தவர் அவர். ஓதிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அதைவிடப் பெரிய பெயர் உண்டா? எனக்கென்று ஒரு பெண் பிறக்கும், அவளுக்கு வேண்டும் என்று பதுக்கி வைத்திருந்தேன். யாராவது தாமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால்கூட, “அது நம்ம ஜனங்க வாயில நொழையாதும்மா, ஹப்சா கப்சான்னு ஆக்கிடுவாங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வயிற்றில் பூச்சி கூட இல்லாத காலத்தில் இந்தக் கஞ்சத்தனம்.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. கதீஜா. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். “நபி நாயகத்தோட மொத மனைவி பேரு. இதுக்கு மேல இன்னா வேணும், வைங்க” என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவேன். மற்றப் பெயர்களுக்கு அரை மணி நேரம் பேசுகிறவள் இதற்கு மட்டும் ஏன் வாயைச் சுருக்கிக்கொள்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் லைனில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டில் எனக்கு முன்னால் வாழ்ந்தவள் பெயர் அதுதான்.

நான் இரண்டாம் தாரம். மறைக்க ஒன்றுமில்லை, ஊரே சொல்கிறது. என் வீட்டுக்காரருக்கு முதலில் வாய்த்தவள் மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டு, ஒரு காய்ச்சலில் மவுத்தாகிப் போனாள். பிள்ளை இல்லை. அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் வைத்த தால்ச்சாவின் ருசி முதல் அவள் சடையின் நீளம் வரை எனக்கு மனப்பாடம்.

நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா, சுரங்கத்தில் மாமனார், கொழுந்தன் எல்லோரும் வேலை பார்த்த குடும்பத்துக்காரர், வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மொத ஷிப்டு தங்கமான பொண்ணும்மா. நீங்க செகண்டு ஷிப்டு. பாத்து நடந்துக்குங்க.”

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அடுத்த வாரமே வந்து, மூத்தாளுக்கு ஒரு புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டு அதை நான் உடுத்திக்கொண்டால் அவள் குளிர்ந்து போவாள், எனக்குத் தொந்தரவு வராது, தங்கள் பக்கம் இது வழக்கம் என்று காதில் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்றேன். மார்க்கத்தில் இடம் இருந்திருந்தாலும் நான் வைத்திருக்க மாட்டேன். உயிரோடு இருக்கிற எனக்கே பெருநாளைக்கு ஒரு புடவைதான், செத்தவளுக்கு எதற்கு?

வாசலில் நிற்கிற கறிவேப்பிலை அவள் வைத்தது. லைனில் யார் குழம்பு தாளித்தாலும் வந்து இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு, “கதீஜா கையி, எப்டி தழச்சி கீது பாரு” என்பார்கள். தண்ணீர் ஊற்றுகிறது நான். பூச்சி விழுந்தால் சாம்பல் தூவுகிறது நான். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கிற மாதங்களில் இலையெல்லாம் வெள்ளையாகப் புழுதி படிந்துவிடும், அதைக் கழுவி விடுவதும் நான். பெயர் மட்டும் அவளுக்கு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, நான் அந்த யானைக்குத் தீனி போடுகிறவள்.

என் வீட்டுக்காரர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வருகிற மனுஷன். என்னிடம் குறை வைத்ததில்லை, கை ஓங்கினதில்லை. அவள் பெயரையும் சொன்னதில்லை. முதல் வருஷம் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மறந்த பெயரை எங்கேயாவது பேச்சுவாக்கில் சொல்லிவிடுவோம். அவர் அந்தப் பெயர் வரவேண்டிய இடத்துக்குப் பேச்சு போனாலே எழுந்து முகம் கழுவப் போய்விடுவார். திட்டியாவது இருக்கலாம், “அவளுக்கு இட்லி சுடத் தெரியாது” என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. சாதாரணமாக எரியவில்லை, விறகு வைத்து எரிந்தது.

பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறபோது ஒரு பாடம் வரும். நபிகளார் பிற்பாடு மணந்த அன்னை ஆயிஷா அவர்கள், தான் பார்த்தே இராத கதீஜா நாயகி மீதுதான் மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பொறாமைப்பட்டதாகத் தாமே சொன்ன செய்தி. நபிகளார் அந்த முதல் மனைவியை ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆடு அறுத்தால் அவருடைய தோழிகளுக்குக் கறி அனுப்புவார்கள், அதனால் வந்த பொறாமை. ஒரு தடவை அதை நடத்தும்போது, முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“பாக்காதவங்க மேல எப்டி ஆலிமாம்மா பொறாம வரும்?”

“வரும். அடுத்த பாடத்த எடு.”

எனக்கு இதில் ஒரு தெம்பும் உண்டு. அவ்வளவு பெரிய அன்னைக்கே வந்தது, ஸ்கெலட்டனில் தகர ஷீட்டு வீட்டில் இருக்கிற எனக்கு வரக்கூடாதா?

நான்கு வருஷம் கழித்து எனக்கு நின்றது. ஐந்தாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும், ஒரு நாள் மாமி, அதாவது என் மாமியார், பூண்டு உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“ஏம்மா, பொண்ணு பொறந்தா கதீஜான்னு வெச்சிடலாம்.”

நல்ல பெயர்தானே, இன்னும் நாளிருக்கிறதே என்று சமாளித்தேன். அவர் விடவில்லை.

“நாயகியம்மா பேருதான். ஆனா நான் அதுக்காவ சொல்லல. நான் பாத்ரூம்ல வழுக்கி இடுப்ப ஒடச்சிகினு கெடந்தப்ப, அந்தப் பொண்ணுதான் என்னத் தூக்கிக் கழுவினா. ஒரு நாள் மூஞ்சி சுளிக்கல. அவ போறப்ப காதாண்ட சொன்னேம்மா. இந்த வூட்ல பொண்ணு பொறந்தா உம் பேருதான் வெப்பேன்னு. நிய்யத்து பண்ணிட்டேன்.”

நானும் தினம் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். ஆனால் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும் இடுப்பொடிந்தவரைத் தூக்கிக் கழுவுவதும் ஒன்றா? அந்த இடுப்பு கூட அவள் காலத்தில்தான் ஒடிந்தது. எனக்கென்று ஒரு எலும்பைக்கூட விட்டு வைக்கவில்லை அவள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வயிற்றில் நான் சுமக்கிற பிள்ளையை, என் வாயாலேயே, காலையும் மாலையும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கதீஜா, பால் குடி. கதீஜா, தூங்கு. இதோடு பக்கத்து வீட்டு அக்கா வேறு, “அவளே திரும்பி வந்து பொறக்கறாம்மா, சந்தோசப்படுங்க” என்றார். எங்களுக்கு மறுபிறவியில் நம்பிக்கையில்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. என் பிள்ளை என் பிள்ளையாகப் பிறந்தால் போதாதா?

மாமி அந்தப் பேச்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் வைத்தார். என் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்தார், பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை ஒடிக்க வந்து வாசலில் நின்றார். மாமி எல்லோர் முன்னாலும், “பேரு முடிவாயிடிச்சி, கதீஜாதான்” என்று சொல்லிவிட்டார். அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை. அந்தத் திருப்பாத பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“வெச்சிடலாம் மாமி. அர்த்தம் தெரிஞ்சிகினு வெச்சிடலாம்” என்றேன்.

“நாயகியம்மா பேருக்கு இன்னாம்மா அர்த்தம்?”

சொன்னேன். பொய் சொல்லவில்லை. படித்ததைத்தான் சொன்னேன். அரபு நாட்டில் ஒட்டகம் நாள் நிறைவதற்கு முன்னால் குட்டி போட்டுவிட்டால், அதற்கு ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லின் வேரிலிருந்துதான் கதீஜா என்ற பெயர் வருகிறது. குறைமாதத்தில் பிறந்தவள் என்று பொருள். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதாமல் தொழுதால் அந்தத் தொழுகை ‘கிதாஜ்’, குறையுள்ளது, என்று நபிமொழியில் வருகிறதே, அதுவும் இதே வேர்தான்.

“வயித்துல கீற புள்ளைக்கி, பொறக்கறதுக்கு முன்னாடியே, கொறமாசம்னு பேரு வெப்பீங்களா மாமி? உங்க இஷ்டம்.”

மாமி உரித்த பூண்டு தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒடித்த கொத்தைத் தரையில் போட்டுவிட்டு, “ஐயோ, வேணாம்மா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். அன்றைக்கு மத்தியானம் நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். நல்ல பசி.

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் லைனில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வருகிறதோ இல்லையோ, குழாயடிக்குச் சேதி வந்துவிடும். செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆலிமாம்மாவே சொல்லிவிட்டார்கள், கதீஜா என்றால் குறைப் பிள்ளை, வைக்கக்கூடாது.

முதலில் ஒரு தாய் வந்தாள். ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆதார் கார்டில் பெயரை மாற்ற வேண்டுமே, எங்கே போக வேண்டும், வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். அந்தக் குழந்தை தன் பெயரில் என்ன தப்பு என்று தெரியாமல் என்னைப் பயந்து பயந்து பார்த்தது. அடுத்து மாரிகுப்பத்திலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோவில் வந்து இறங்கியது. அவர்கள் பெண்ணுக்கு எடை ஏறவே மாட்டேன் என்கிறதாம், இந்தப் பெயரால்தானா என்று கேட்டார்கள். அப்புறம் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ரிட்டயர்டு ஆனவர், தடியூன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, எனக்கும் அந்தப் பேருதான். இத்தினி வருசமா நான் கொறையாவே இருந்துட்டேனா?”

என்னோடு வழக்குப் பேச வந்திருந்தால் சுலபமாகத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

நான் கிளப்பிய பூதத்தை நானே அடக்க வேண்டியதாயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். ஒரு பேருக்கு வேர் எங்கே இருக்கிறது என்பது ஒன்று, அதை யார் வாழ்ந்து காட்டினார்கள் என்பது இன்னொன்று. குறைமாதத்தில் பிறந்தது பிழைத்த மகிழ்ச்சியில்கூட அரபு ஜனங்கள் அந்தப் பெயரை வைத்திருக்கலாம். அது கெட்ட பெயராக இருந்தால், கெட்ட பெயர்களையெல்லாம் மாற்றிய நபிகள் தம் சொந்த மனைவி பெயரை மாற்றியிருக்க மாட்டார்களா? ஷாம் தேசத்துக்கு வியாபாரச் சரக்கு அனுப்பிய சீமாட்டி அவர். அறியாமைக் காலத்திலேயே மக்கா ஜனங்கள் அவரைத் ‘தாஹிரா’, தூயவள், என்று அழைத்தார்கள். முதன்முதலாக இறைச்செய்தி வந்து, குகையிலிருந்து நடுங்கிக்கொண்டு இறங்கி வந்த கணவரைப் போர்வையால் போர்த்தி, அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று தேற்றியவர். இந்த மார்க்கத்தை முதலில் நம்பிய ஆள். அவர் இறந்த பிறகும் அவர் இடத்தை யாரும் பிடிக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் முள் ஏறும். சொல்லாமல் விட முடியாது, அதைச் சொன்னால்தான் தாய்மாருக்கு முகம் தெளியும். ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க, கதீஜா உசத்தி, கதீஜா உசத்தி என்று ஊருக்கெல்லாம் ஓதினேன். உள்ளே அடுப்படியில் மாமி பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். ஆனால் வெளியே வந்து, அப்போ வைக்கலாம் என்கிறாயா என்று கேட்கவில்லை. அவர் என்னிடம் பெயர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

எட்டாம் மாதம் தொடங்கின வாரத்தில் எனக்கு வலி வந்துவிட்டது. ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்தார். கோலாரில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருக்கும் போலிருந்தது. காட்டிவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரயிலிலிருந்து பாதி வழியில் இறங்கி ஓடி வந்து, நர்ஸிடம் கெஞ்சி, பெட்டியின் ஓட்டை வழியாகக் குனிந்து குழந்தை காதில் பாங்கு சொன்னார். எனக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. குறைமாதம், குறைமாதம் என்று டாக்டர்கள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

படுத்துக்கொண்டே நான் சண்டைக்குத் தயாரானேன். மாமி வருவார். பார்த்தாயா, நீ சொன்ன அர்த்தமே வந்து பிறந்துவிட்டது, இதற்கு மேல் என்ன பேச்சு என்பார். ஊர் முழுக்க நான் ஓதிய கதீஜா புராணத்தை என்னிடமே திருப்பி ஓதுவார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று வரிசையாக யோசித்து வைத்தேன். பால் கட்டி மார் வலித்தது. வலியோடு யோசித்தேன்.

ஏழாம் நாள் மாமி வந்தார், என் வீட்டுக்காரரோடு. டிபன் கேரியரில் பத்திய ரசம். பெட்டிக்கு முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

“உனக்கு எது புடிக்குமோ அத வெச்சிடும்மா. அந்தப் பேரு வேணாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“அர்த்தம் தெரியாம நான்தான் ஆசப்பட்டுட்டேன். நான் ஆசப்பட்டதுக்குத்தான் புள்ள முந்திக்கினு வந்துடிச்சோ இன்னமோ. அல்லா என்னை மன்னிக்கணும்.”

நான் ஜெயித்துவிட்டேன். ஹஃப்ஸா என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. வாய்க்குள் இனிப்பு போட்டது போல இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய மனுஷி என் குழந்தை குறையாகப் பிறந்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியெல்லாம் இல்லை மாமி, பெயருக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை. ஒட்டக விஷயத்தை அவருக்குச் சொன்னதே நான்தானே.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாதி அவர் மேல் வந்த இரக்கம். மீதிப் பாதியை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பிள்ளைக்குக் கதீஜா என்றே வைத்துவிட்டால் என்ன? இன்றைக்கு ஸ்கெலட்டனில் கதீஜா என்றால் செத்தவள் ஞாபகம் வருகிறது. என் மகளுக்கு வைத்துவிட்டால்? தினம் நூறு தடவை கூப்பிடுவோம். கதீஜா மூக்கு ஒழுகுது, கதீஜா வீட்டுப்பாடம் எழுது, கதீஜா சறுக்கி விழுந்துட்டா. பத்து வருஷத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் லைனே என் மகளைத் திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்காரரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லும்போது அவர் கண்ணில் என் மகள்தான் நிற்பாள். வாழ்ந்து போட்டியிட முடியாதவளை இப்படித்தானே ஜெயிக்க முடியும்? வெளியே பார்க்கிறவர்களுக்கு அது பெருந்தன்மையாகவும் தெரியும். இரண்டு லாபம்.

“இல்ல மாமி. கதீஜான்னே வெச்சிடலாம். கொறமாசத்துல பொறந்து பொழச்சவளுக்கு அதவிடப் பொருத்தமான பேரு இல்ல. நானே சொல்றேன்.”

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார், கண் கலங்குவார், என்னை இனிமேல் வேறு மாதிரிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் நின்றிருந்தவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“வேணாம்.”

“அர்த்தத்துக்காவவா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான்தான் ஊருக்கே எடுத்துச் சொன்னேனே.”

“அர்த்தத்துக்காவ இல்ல.”

“பின்ன இன்னாத்துக்கு?”

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. முகம் கழுவ எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்க்காமல் பெட்டி இருந்த அறையின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெனம் கூப்ட்டா அது புள்ள பேரா ஆய்டும். அவளுக்குன்னு மிச்சம் கீறது அது ஒண்ணுதான். அத அவகிட்டயே வுட்ரு.”

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குத்தவேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் உள்ளுக்குள் போட்ட கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வழியும் இல்லை. மாமி என் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ எதுனா பேரு வெச்சிருப்பியே. சொல்லு” என்றார் அவர்.

“ஹஃப்ஸா.”

“நல்லா கீது” என்றார்.

நர்ஸ் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பெட்டியின் ஓட்டையருகே குனிந்து, என் மகள் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னார். நான் வருஷக்கணக்கில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பெயர். அழகாகச் சொன்னார். அரபி உச்சரிப்புகூடச் சரியாக வந்தது. குழந்தை கால் விரலை அசைத்தது, மாமி “மாஷா அல்லாஹ்” என்றார்.

நான் கேட்ட பெயர் என் மகளுக்குக் கிடைத்துவிட்டது. அவர் குனிந்திருந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இன்னொரு பெயரை என் முன்னால் அவர் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லி அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.